நாய்க்குட்டிக்கு வயிற்றால் போனால் மெடிக்கலுக்கு ஓடாதீர்கள்

இந்த வாரம் இது மூன்றாவது. இரண்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி; சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து துண்டில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தார்கள். கண் குழிவிழுந்து, ஈறு வெளுத்துக் காய்ந்திருந்தது.

"முந்தாநேத்துல இருந்து வயித்தால போகுது டாக்டரம்மா. மெடிக்கல்ல கேட்டு மாத்திர குடுத்தோம், நிக்க மாட்டேங்கு."

அண்ணாச்சி இரண்டு அட்டைகளை நீட்டினார். ஒன்று லோபெரமைடு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை. இன்னொன்று மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக், வீட்டில் யாருக்கோ வாங்கியதில் மிச்சம். தடுப்பூசி? "வளரட்டும்னு இருந்தோம்." சோதனைக் கிட்டில் பார்த்தால் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். மறுநாள் விடியுமுன் குட்டி போய்விட்டது.

"வயித்துல கிருமி, கொன்னாச் சரியாயிரும்" என்ற இந்த ஒரு நினைப்புதான் எனக்கு ஆகவே ஆகாது. ஐயா, நல்ல திடமாக ஓடித் திரிகிற நாயின் மலத்தைச் சோதித்தாலும் ஈ.கோலை இருக்கும், கிளாஸ்ட்ரிடியம் இருக்கும், கேம்பிலோபேக்டர்கூட இருக்கலாம். குடல் அவற்றின் குடியிருப்பு. ரிப்போர்ட்டில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. களைக்கென்று மருந்தடித்து நாற்றையும் கருக்குகிற மாதிரி, மெட்ரோனிடசோல் நல்ல கிருமிகளையும் அழிக்கும். அவை பழையபடி தலையெடுக்க வாரக்கணக்காகும். சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானே நின்றுவிடும். நின்ற பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகிறது!

பார்வோ வேறு கதை. அந்த வைரஸ் குடல் சுவரையே அரித்துவிடும். உள்ளே சும்மா கிடந்த பாக்டீரியா இரத்தத்தில் இறங்கும். அப்போது ஆன்டிபயாட்டிக் ஊசியை நானே போடுவேன், டிரிப்ஸோடு சேர்த்து.

வளர்ந்த நாய்கள் கோயில் கொடை முடிந்த மறுநாள் வரிசை கட்டி வரும். கிடாய் எலும்பு, கொழுப்பு, எச்சில் இலை, எல்லாம் உள்ளே போயிருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் வேண்டாம். கோழிக்கடைக் கழிவை வாளியில் வாங்கிப் பச்சையாகக் கொட்டுகிறவர்களுக்கு: அதில் வருகிற சால்மொனெல்லா கிருமி நாயோடு நிற்காது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். வேகவைத்துப் போடுங்கள், மலம் அள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குட்டியை மட்டும் பட்டினி போடாதீர்கள், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி, இரத்தம், சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் முதல் தடுப்பூசி; பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலைசெய்ய விடாமல் தடுக்கலாம். அதனால்தான் கடைசி ஊசியை விடாதீர்கள் என்று இத்தனை கெஞ்சுகிறேன். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து இரண்டு வார வயதிலேயே தொடங்கணும்.

கிளம்பும்போது அண்ணாச்சி, கோவில்பட்டியில் வேறு குட்டி சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் பினாயில் ஊற்றிக் கழுவியாச்சாம். பார்வோ பினாயிலுக்குச் சாகாது. சிமெண்ட் தரையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடச் சொன்னேன். மண் தரையில் அதுவும் எடுபடாது. வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். புதுக்குட்டிக்கு ஊசி எல்லாம் முடியட்டும் அண்ணாச்சி, அதுவரை அந்த முற்றத்தில் இறக்காதீர்கள்.