ஹேண்டில் நடுவில் பிடிக்கிறதென்றால் இறுக்கச் சொல்லாதீர்கள்

காட்பாடியில் உள்ள என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், "பிரேக் அடித்தால் முன்னால் டக்கென்று சத்தம் வருகிறது, ஹேண்டிலைக் கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்கண்ணா" என்றே கேட்கிறார்கள். இறுக்கினால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இருசக்கர வண்டியின் ஹேண்டில் திரும்ப உதவும் கழுத்து பேரிங்குகளான கோன் செட்டில் குழி விழுந்திருந்தால், அதை இறுக்குவது சத்தத்தை அடக்கி ஆபத்தைக் கூட்டும் வேலை என்பதால், அதை நான் செய்து கொடுப்பதில்லை.

முன் ஃபோர்க்கைத் தாங்கும் தண்டு, சேஸியின் கழுத்துக் குழாய்க்குள் மேலும் கீழுமாக இரண்டு பேரிங்குகளில் திரும்புகிறது. அன்றாடம் ஓடும் பல சிறிய வண்டிகளில் இவை கப் எனும் கிண்ண வளையத்துக்கும் கோன் எனும் கூம்பு வளையத்துக்கும் இடையே உருளும் எஃகு பால்கள். சக்கரத்தின் பேரிங்கைப் போல் இவை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் செல்பவர் ஹேண்டிலைச் சில டிகிரிக்கு மேல் திருப்புவதே அரிது. ஆகவே ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் கப்பின் அதே இடங்களிலேயே இறங்குகிறது, அங்கிருந்து கிரீஸும் விலகிவிடுகிறது. நாளடைவில் அவ்விடங்களில் குழிகள் விழுந்து பால்கள் அவற்றில் அமர்ந்துகொள்கின்றன. வாட்டர் சர்வீஸில் கழுத்துப் பகுதியில் நேராக நீரைப் பீய்ச்சுவது கிரீஸைக் கழுவித் துருவையும் சேர்த்துவிடும்.

இருசக்கர வண்டி நேராக ஓடும்போதும் ஹேண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இடமும் வலமும் திரும்பித் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் பிடிக்கும் ஹேண்டில் அதற்கு இடம் கொடுக்காது. வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்க, ஓட்டுபவர் அழுத்தித் திருப்ப, பால்கள் குழியை விட்டு எழும்பித் தேவைக்கு மேல் திரும்பிவிடும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து செல்பவருக்கும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவருக்கும் இது எத்தகைய அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சோதிப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழட்டும். ஹேண்டிலை விரல் நுனியால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் தடங்கினால் கோன் செட்டை மாற்றியே ஆக வேண்டும். தடங்கல் இல்லாமல், ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கையில் கழுத்தில் ஆட்டம் மட்டும் இருந்தால், அளவாக இறுக்குவது போதும். ஆட்டம் ஃபோர்க் குழாய்களுக்குள் இருந்தால் அது உள்ளிருக்கும் புஷ் எனும் வளையங்களின் தேய்மானம். அது வேறு வேலை.

மாற்றும்போது பால்களை மட்டும் மாற்றுவது வீண்செலவு. குழி கப்பிலும் கோனிலும் இருக்கிறது. மேல், கீழ் இரண்டையும் முழு செட்டாகவே மாற்ற வேண்டும். புதிய கப்பைச் சுத்தியலால் ஒரே பக்கம் அடித்தால் சாய்ந்து இறங்கிக் கழுத்துக் குழாயையே கெடுக்கும். நீளமான போல்ட்டும் வாஷர்களும் வைத்து இழுத்து இறக்குவதே என் வழக்கம். நட்டை இறுக்கியபின் ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் பலமுறை திருப்பி, சற்றுத் தளர்த்தி, ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்குகிறேன். நடுவிலிருந்து மெல்லத் தள்ளினால் ஹேண்டில் தன் எடையிலேயே பக்கவாட்டில் விழ வேண்டும். புதிய கப்புகள் ஓட்டத்தில் அமர்ந்து சிறிது தளர்வது இயல்பு. ஆகவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைக் கொண்டுவந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.