லூவ்ர் பார்க்கப் போகும் கால்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் கிளினிக்கில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டாக்டர், பையன் ஐரோப்பா டூர் புக் பண்ணியிருக்கான். போகலாமா?" ரத்த அழுத்தம், சுகர், இசிஜி எல்லாம் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் "தாராளமாகப் போய்வாருங்கள்" என்றுதான் சொல்வேன். கூடவே பயணத் திட்டத்தையும் காட்டச் சொல்வேன். எல்லோருக்கும் விமானத்தை நினைத்தும் குளிரை நினைத்தும்தான் பயம். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பது என் தொழில் என்பதால், என் கண் தேடுவது அருங்காட்சியகம் என்று போட்டிருக்கும் நாளை. காலைப் பதம் பார்ப்பது அந்த நாள்தான்.

பாரிஸின் லூவ்ரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மன்னர்கள் வாழ்ந்த அரண்மனை. 1793-இல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். காட்சிக்கூடங்களின் பரப்பு மட்டும் 70,000 சதுர மீட்டருக்கு மேல், ஏறக்குறைய 18 ஏக்கர். தெனோன், சுல்லி, ரிஷ்லியூ என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் பல தளங்கள், பார்வைக்கு வைத்திருக்கும் பொருட்கள் சுமார் 35,000. 2024-இல் 87 லட்சம் பேர் வந்துபோயிருக்கிறார்கள். டூர்காரர் கொடுக்கும் தாளில் இதெல்லாம் 'காலை: லூவ்ர், மோனாலிசா' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

"தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், எனக்கு இது ஒரு விஷயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. காலையில் கைவீசி நடப்பது வேறு, இது வேறு. வீசி நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகி, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகத்தில் இரண்டடி வைத்து நிற்கிறோம், கழுத்தை அண்ணாந்து ஓவியத்தைப் பார்க்கிறோம், குனிந்து பக்கத்திலிருக்கும் குறிப்பைப் படிக்கிறோம், மறுபடி இரண்டடி. தசைக்கு வேலை இல்லை. இடுப்புக்கும் குதிகாலுக்கும் ஓய்வு இல்லை. தரையோ நிறைய இடங்களில் கல். தீபாவளிக்கு முன்னால் தி.நகரில் ஒரு பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்த அசதி என்னவென்று தெரியும். மதியத்துக்குள் பாதம் லேசாக வீங்கும். காலையில் சரியாக இருந்த ஷூ இறுக்கிப் பிடிக்கும்.

இது இன்று நேற்றுக் கவனித்த சங்கதி இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மேன், 1916-இல் 'அருங்காட்சியகச் சோர்வு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பொருட்களை ஒழுங்காகப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய, வளைய, குந்த வேண்டியிருக்கிறது என்று படம்பிடித்தே காட்டினார். களைத்துப் போகிறவர்மேல் குற்றமில்லை, பொருளை வைத்திருக்கும் விதத்தில்தான் என்பது அவர் கட்சி. நூறு ஆண்டு தாண்டியும் நம் இடுப்பு அதையேதான் சொல்கிறது.

அசதி இரண்டு நாளில் போய்விடும். நான் பயப்படுவது சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்கு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள அம்மா ஒருவர். டூருக்கென்று மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த புது ஷூவை முதல்முதலில் பாரிஸில்தான் போட்டார். நாள் முழுக்க லூவ்ரில் நடந்தார், ஒரு வலியும் இல்லை. இரவு ஓட்டலில் சாக்ஸைக் கழற்றும்போது விரலோரம் ரத்தக்கறை. ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு மறுநாள் சுவிட்சர்லாந்து. ஊர் திரும்பி என்னிடம் வரும்போது கொப்புளம் ஆழமான புண்ணாகியிருந்தது. ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. வலித்திருந்தால் உட்கார்ந்திருப்பார், ஷூவையாவது மாற்றியிருப்பார். வலி தெரியாததால்தான் வினை.

உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மிக எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் சில இடங்களில் வைத்து, "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். சில நிமிட வேலை. விசாவுக்கு அலைவதற்கு முன்னால் இதைச் செய்துகொள்ளுங்கள். தெரியவில்லை என்று வந்தால், போகக் கூடாது என்று அர்த்தமில்லை. ஷூவிலும் சாக்ஸிலும் சமரசம் கூடாது, அவ்வளவுதான். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழக்குங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும், மதியம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், பகல் முழுக்கச் செல்போனில் நூறு படம் எடுக்கிறீர்கள்; இரவு இரண்டு உள்ளங்கால்களையும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது லோ சுகர். வரிசையில் நிற்கிறோம், உள்ளே போனதும் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது, நடையோ வழக்கத்தைவிட அதிகம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை இறங்க இது போதும். மோனாலிசா இருக்கும் கூடத்தில் நெரிசலும் புழுக்கமுமாக இருக்கும்போது வியர்த்தால், கூட்டத்தினால்தான் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். காட்சிக்கூடங்களில் சாப்பிடத் தடை உண்டு. ஆனால் கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்டு காவலரிடம் சொல்லுங்கள். அந்த குளுக்கோஸ் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், லாக்கரில் வைத்த பையில் இல்லை. கோடையில் பாரிஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது; மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான். விமானத்தின் சரக்கறையில் போடும் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகலாம்.

ஒன்றுக்குப் போக இடம் தேட வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் வரும். லூவ்ரில் கழிவறைகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் வரைபடத்தில் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், மோனாலிசாவை அப்புறம் குறிக்கலாம்.

சரி, அந்த மோனாலிசா. 77-க்கு 53 சென்டிமீட்டர் பலகை, கண்ணாடிக்குப் பின்னால். முன்வரிசைக்கு வந்து சேர்ந்ததும் சில நொடிகளில் நகரச் சொல்வார்கள். எதிர்ச் சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் 1563-இல் முடித்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து ஓவியம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் யோசனை: மோனாலிசாவைக் கால் தெம்பாக இருக்கும்போதே பார்த்துவிட்டு, மீதி நேரத்தை ரிஷ்லியூ பகுதியில் கழியுங்கள். அங்கே கூட்டம் குறைவு. கண்ணாடிக் கூரைக்குக் கீழே சிலைகள் நிற்கும் மார்லி முற்றத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். மேல்தளத்தில் மரீ த மெடிசி ராணிக்காக ரூபன்ஸ் வரைந்த 24 ஓவியங்கள் ஒரே கூடத்தில் இருக்கின்றன. மூன்று மணி நேரம், ஒரு பகுதி. வயதானவர்களுக்கு அது போதும். செவ்வாய் விடுமுறை, புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும். காலைக் கூட்டத்தோடு முட்டிமோதத்தான் வேண்டும் என்றில்லை.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. சமோத்ரேஸின் வெற்றித் தேவதை என்ற பழைய கிரேக்கச் சிலை நிற்பது நீண்ட தாரூ படிக்கட்டின் உச்சியில். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி அதிகம் பேசும். கைப்பிடியோரமாகப் போங்கள், அல்லது லிப்ட் எங்கே என்று கேளுங்கள். சக்கர நாற்காலி, கைத்தடி, மடக்கு நாற்காலி எல்லாம் அங்கே இலவசமாக இரவல் கிடைக்கும். அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். "நான் என்ன நோயாளியா?" என்று வீம்பு பிடிக்கும் அப்பாக்களுக்கு நான் சொல்லும் ஆசை வார்த்தை இது: லூவ்ரின் நுழைவாயிலான கண்ணாடிப் பிரமிடின் உள்ளே சுழல் படிக்கட்டுக்கு நடுவில், மேற்கூரை இல்லாத உருளை லிப்ட் ஒன்று மேலும் கீழும் போகும். படியில் இறங்குகிறவர்கள் அதைத்தான் பொறாமையோடு பார்ப்பார்கள்.

கடைசியாக, நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால், நடந்த வலி என்று தைலம் தேய்த்துவிடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரான்சில் அவசர எண் 112. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் பாலிசி எல்லோரிடமும் இருக்கும். அதில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பத்தியைப் படித்தவர்கள்தான் குறைவு. சர்க்கரை நோயைச் சொல்லாமல் எடுத்த பாலிசி என்றால், கிளம்புவதற்கு முன்பே ஏஜென்டைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள்.