காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லையா? யார் பணம், யார் பொறுப்பு, எங்கே கேட்பது

ஊரில் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது, ஒவ்வொரு வாசலிலும் குழாய் முளைத்திருக்கிறது. ஆனால் தெருக்கடைசியிலும் பட்டியல் சாதி மக்கள் வாழும் காலனியிலும் காற்றுதான் வருகிறது. ஊராட்சியில் கேட்டால் குடிநீர் வாரியத்தைக் கைகாட்டுவார்கள், வாரியத்தில் கேட்டால் ஊராட்சியைக் காட்டுவார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி யாருடையது என்று தெரியாமல் போடும் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

அரசியலமைப்பின்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். குடிநீரும் சுகாதாரமும் 11ஆவது அட்டவணை வழியாக ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் சேர்ந்தவை. ஒன்றிய அரசின் கையில் இருப்பது பணமும் அதனுடன் வரும் நிபந்தனைகளும். ஊரக வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தருவதற்காக 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் இந்த மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கட்டியது. அப்போதைய மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய், அதில் ஒன்றியத்தின் பங்கு 2.08 லட்சம் கோடி. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 விழுக்காட்டை ஒன்றியமே தருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி. 2025 பட்ஜெட்டில் திட்டக்காலம் 2028 வரை நீட்டிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஏற்பாடு இந்தப் பங்கீட்டு விதியிலேயே இருக்கிறது. மாநிலங்களுக்குப் பணம் பிரிக்கும்போது ஊரகப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகைக்கு 10 விழுக்காடு எடை உண்டு. ஃபுளோரைடு, ஆர்சனிக் போன்ற வேதிப்பொருள் கலந்த நீரைக் குடிக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகைக்கு இன்னொரு 10. ஊருக்குள் குழாய் பதிக்கும் செலவில் மக்கள் பங்கு 10 விழுக்காடு. மலை, வனப் பகுதிகளிலும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் 5 விழுக்காடுதான். இந்தப் பங்கைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை, பொருளாகவோ உடலுழைப்பாகவோ தரலாம். பல ஊர்களில் இது சொல்லப்படுவதே இல்லை.

2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 1.25 கோடி ஊரக வீடுகளில் 22 லட்சத்துக்கும் குறைவானவற்றில்தான் குழாய் இணைப்பு இருந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஆனால் இணைப்பு என்று கணக்கில் ஏறுவது வேறு, தண்ணீர் வருவது வேறு. திட்ட விதிப்படி ஒரு குழாய் ‘செயல்படும் இணைப்பு’ ஆவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி குடிக்கத் தகுந்த தரம், தொடர்ச்சியான விநியோகம். மனுவில் ‘தண்ணீர் வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், இந்த மூன்றில் எது இல்லை என்று எழுதுங்கள்.

அளவைக் காட்டக் குடமே போதும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 275 லிட்டர். தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால் 15 லிட்டர் குடம் சுமார் மூன்றே கால் நிமிடத்தில் நிரம்ப வேண்டும். அரை மணி நேரம்தான் என்றால் ஒன்றரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் அதிலும் பாதி. தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் ஒரே நாளில் குடம் நிரம்பும் நேரத்தைக் குறித்து, தேதி போட்டு இணையுங்கள். வாய்ச்சொல்லை மறுக்கலாம், இந்தத் தாளை மறுக்க அவர்களும் வந்து அளந்தாக வேண்டும்.

கடைசி வீட்டுக்கு நீர் எட்டாமல் போகும் காரணங்கள் பெரும்பாலும் நான்கே. முதலாவது, தொட்டியின் கொள்ளளவு. 30,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினால் 55 லிட்டர் கணக்கில் 545 பேருக்குத்தான் வரும். ஆயிரம் பேர் உள்ள ஊரில் அதை நாளைக்கு இருமுறை நிரப்பினால்தான் ஈடாகும். இரண்டாவது, ஊருக்குப் போட்ட பழைய லைனின் வாலில் காலனி லைனை ஒட்டவைப்பது. முன்வரிசை வீடுகள் பிடித்த மிச்சம்தான் பின்னால் போகும். மூன்றாவது, குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது. நான்காவது, திருகு இல்லாமல் திறந்தே கிடக்கும் குழாய்கள்.

இவற்றில் மோட்டாரைப் பறிமுதல் செய்யவும் இணைப்பைத் துண்டிக்கவும் ஊராட்சியே போதும். இரண்டாவதுதான் உண்மையான பாகுபாடு, அதற்குத் தீர்வும் தெளிவானது: தொட்டியிலிருந்தே காலனிக்குத் தனி விநியோக லைன், அதற்குத் தனி கேட் வால்வு, வால்வு திறக்கும் நேரத்தை எழுதி ஒட்டிய பலகை. வால்வு திறப்பவர் டேங்க் ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்பது அவர் மனக்கணக்கில் மட்டும் இருக்கும்வரை சண்டை ஓயாது. காலனிக்கென்று தனித் தொட்டியே கட்டிவிடுவது சிலருக்கு எளிய வழியாகத் தெரிகிறது. ஆனால் அது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது நினைவிருக்கும். தொட்டி தனியோ பொதுவோ, மூடிக்கும் ஏணிக்கும் பூட்டு இருக்க வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை வீட்டுக்குழாயில் எஞ்சிய குளோரின் (கிருமிகளைக் கொன்றபின் நீரில் மிஞ்சுவது) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் புழங்கும் கணக்கு, 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அப்படிப் போட்டும் கடைசிக் குழாயில் குளோரின் தெரியவில்லை என்றால், மூட்டை வாய் திறந்தே கிடந்து வீரியம் இழந்திருக்கும் அல்லது வழியில் எங்கோ கழிவுநீர் கசிந்து கலக்கிறது. திட்ட விதிப்படி ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி எங்கே என்று கேளுங்கள். அலுவலக அலமாரியில் சீல் உடைக்காமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

ஃபுளோரைடுக்கு பிளீச்சிங் பவுடர் மருந்தாகாது, நீரைக் காய்ச்சினாலும் அது போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் ஆழ்துளைக் கிணறுகளை விட்டுவிட்டு ஆற்று நீரைக் கொண்டுவருவதே நிலையான வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அப்படி வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்ற, 2013இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. ஒரு நாட்டின் கடன், மாநிலத்தின் வாரியம், ஊராட்சியின் தொட்டி என்று மூன்று கை சேர்ந்த திட்டம் இது.

கூட்டுக் குடிநீர் வரும் எந்த ஊரிலும் பொறுப்பின் எல்லைக்கோடு ஊர்த் தொட்டிதான். ஆற்றிலிருந்து தொட்டிவரை வாரியம், தொட்டியிலிருந்து குழாய்வரை ஊராட்சி. தொட்டிக்கு வந்து சேரும் அளவே குறைவு என்றால் வாரியத்தின் உதவி நிர்வாகப் பொறியாளரிடம் மனு. தொட்டி நிறைகிறது, தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சித் தலைவர், அவருக்கு மேல் வட்டார வளர்ச்சி அலுவலர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் தனி அலுவலர். அங்கும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

தனி லைன் போன்ற வேலைக்கு மனு மட்டும் போதாது, கிராம சபைத் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள், அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. தீர்மானத்தில் தெருப் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தேவையான குழாயின் நீளம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ‘குடிநீர் வசதி மேம்படுத்த’ என்று பொதுவாக எழுதினால் பணம் வேறு தெருவுக்குப் போகும். கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவின் பட்டியலையும் அங்கேயே கேட்கலாம்: 10 முதல் 15 பேர், பாதிப் பேர் பெண்கள், கால் பங்கு நலிந்த பிரிவினர். கையெழுத்துக்கு மட்டும் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் அந்த நேரத்தில் தெரிந்துவிடுவார்கள்.

பணம் இல்லை என்பது எல்லா நேரமும் சரியான பதில் அல்ல. ஜல் ஜீவன் நிதியை மின்கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும் எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றியம் ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று தரப்பட்ட பணம், இரண்டுக்கும் பாதிப்பாதி. அந்த வரவு செலவை கிராம சபையில் வாசிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கழிப்பறைக்குத் தூய்மை பாரதம் ஊரகத் திட்டத்தில் 12,000 ரூபாய்: ஒன்றியம் 7,200, மாநிலம் 4,800. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். கோட்டுக்கு மேல் இருந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், வீட்டுமனை மட்டும் உள்ள நிலமற்ற தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் தகுதி உடையவர்களே. தண்ணீர் சேமிக்கவும் கைகழுவவும் செய்யும் ஏற்பாடு இந்தத் தொகைக்குள் அடங்கும். இடமே இல்லாதவர்களுக்குச் சமுதாயக் கழிப்பறை: 3 லட்சம் வரை, 70 விழுக்காடு திட்டத்திலிருந்து, 30 விழுக்காடு ஊராட்சியின் நிதிக்குழு மானியத்திலிருந்து. யார் சுத்தம் செய்வது, மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று முடிவாகாமல் கட்டிய கட்டடங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன.

வீட்டுக்கு இரட்டைக் குழி போதும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டம், தேன்கூடு போல் இடைவெளி விட்ட செங்கல் சுவர், அடியில் சிமென்ட் பூசக் கூடாது, குழிகளுக்கிடையே ஒரு மீட்டர் தூரம். கிணற்றிலிருந்தும் கைப்பம்பிலிருந்தும் 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். மேஸ்திரிகள் அடிக்கடி செய்யும் தவறு, இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் வழிவிடுவது. கழிவு இரண்டு குழிக்கும் பிரியும் சந்திப்புத் தொட்டியில் ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். முதல் குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி, நிறைந்த குழியை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆறவிட்டால் உள்ளே இருப்பது மணமற்ற உரமாகிவிடும். அதற்கு முன் திறக்க வேண்டாம். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் 14420 எண்ணில் கழிவு லாரியை அழைக்கலாம். தகுந்த பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறங்கச் சொன்னவருக்குச் சிறை உண்டு.