காலப்பெட்டகத்துக்குள் காசு ஏன் களிம்பேறுகிறது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு நகரம். 1957 ஜூன் 15 அன்று அங்கே ஒரு புத்தம்புது பிளைமவுத் பெல்விடியர் காரைக் காலப்பெட்டகமாக, அதாவது பல ஆண்டு கழித்துத் திறந்து பார்க்கவென்று, கான்கிரீட் அறைக்குள் இறக்கிப் புதைத்தார்கள். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று நம்பிக் கட்டிய அறை அது. 50 ஆண்டு கழித்து, 2007-இல் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் நின்றிருந்தது. கார் முழுக்கத் துரு. ஆனால் அதே குழியில் இறுக்கி மூடிய எஃகுக் கலன் ஒன்றும் இருந்தது. அதற்குள் வைத்த பொருள்கள் நல்லபடியாகவே வெளியே வந்தன.

இதைக் கேட்டதும், பெட்டியை நன்றாக மூடினால் போதும் என்றுதான் தோன்றும். பாதி சரி. இறுக்கி மூடிய பெட்டி வெளியில் இருப்பதை உள்ளே விடாது. உள்ளே இருப்பதையும் வெளியே விடாது. டைம் கேப்ஸ்யூல் எனப்படும் காலப்பெட்டகத்தை வீட்டிலேயே செய்பவர்கள் நாணயம், கடிதம், போட்டோ, பொம்மை, குழந்தையின் முடி, பென்டிரைவ் என்று ஆசையாக அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆவியைக் கசியவிடுகிறது. அந்த ஆவி எங்கும் போக வழியில்லாமல் பக்கத்துப் பொருளின் மேல் போய் உட்காருகிறது. அதனால் எந்த ஆண்டின் நாணயம், எவ்வளவு அரியது என்பதைவிட, அது எந்த உலோகம், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

உலோகத்திலிருந்து தொடங்கலாம். செம்பும் நிக்கலும் 75-க்கு 25 என்ற கணக்கில் கலந்த வெள்ளை நாணயங்கள் பல நாடுகளில் உண்டு. பெட்டகத்துக்கு இவை நல்ல தேர்வு. ஈரக் காற்றிலும் மெதுவாகத்தான் மங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாணயம் இன்னும் உறுதி. அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம் கீறினாலும் தானே மறுபடி உருவாகிக்கொள்ளும். யூரோவின் 10, 20, 50 சென்ட் நாணயங்களில் 89 சதவீதம் செம்பு, 5 சதவீதம் அலுமினியம், 5 சதவீதம் துத்தநாகம், 1 சதவீதம் வெள்ளீயம். பார்க்கத் தங்கம்போல இருக்கும். தங்கம் துளிகூடக் கிடையாது. அந்தக் கொஞ்சம் அலுமினியம்தான் மேற்பரப்பில் ஆக்சைடாகி நிறத்தைக் காப்பாற்றுகிறது.

கவலை தருபவை முலாம் பூசிய நாணயங்கள். 1982-இன் நடுவிலிருந்து அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் 97.5 சதவீதம் துத்தநாகம். செம்பு வெறும் மேல்பூச்சு. அந்தப் பூச்சில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போச்சு. ஈரம் பட்ட இடத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலமாகிவிடும். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது துத்தநாகம் என்பதால் அதுதான் கரையும். கரைந்ததிலிருந்து உருவாகும் வெள்ளைப் பொடிக்கு அதிக இடம் வேண்டும். பூச்சு கொப்புளம்போல உப்பி வெடிக்கும். யூரோவின் 1, 2, 5 சென்ட் நாணயங்கள் எஃகின் மேல் செம்பு பூசியவை. அங்கேயும் இதே கதை, பொடிக்குப் பதில் துரு. சிவப்பு நிற நாணயம் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே எஃகு என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளை நாணயத்துக்கு இந்தச் சோதனை உதவாது; நாணயத்துக்குப் பயன்படும் சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்களும் காந்தத்தில் ஒட்டும்.

முலாம் பூசிய காசை வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அன்றாடம் கையில் புழங்குவது அதுதான் என்றால் அதைத்தான் வைக்க வேண்டும். கீறல் படாத புதுக் காசாக எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போட்டால் போதும்.

எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். விரல் ரேகையில் உப்பும் கொழுப்பு அமிலமும் இருக்கின்றன. பளபளப்பான செம்பு நாணயத்தின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாள்பட அந்த ரேகை அப்படியே பழுப்பாக எழும்பும். அப்புறம் அழியாது, உலோகத்தையே அரித்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடுதான் இதில் மோசமான ஆள். செம்போடு சேர்ந்து அது செம்புக் குளோரைடாகிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் அடுத்த செம்பை அரிக்க, மறுபடி குளோரைடு. அருங்காட்சியகக்காரர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள். ஒருமுறை தொற்றினால் ஈரத்தை அறுத்தால்தான் அடங்கும்.

இதே குளோரைடு இன்னொரு வழியிலும் வரும், அதுவும் நாணயத்தைப் பாதுகாக்கவென்றே வாங்கிய உறையிலிருந்து. மெத்தென்று வளைகிற பழைய நாணய ஆல்பம் தாள்கள் பல பிவிசியால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது; அதை வளைய வைக்க எண்ணெய்போன்ற பிளாஸ்டிசைசரைக் கலப்பார்கள். நாளாக ஆக அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து நாணயத்தில் படியும். பிவிசியும் சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும், சூட்டில் இன்னும் வேகமாக. முதலில் எழுத்துகளின் ஓரத்திலும் உருவத்தின் மடிப்புகளிலும் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு தெரியும். வெள்ளி நாணயமும் தப்பாது. ஸ்டெர்லிங் வெள்ளியில் 7.5 சதவீதம் செம்பு இருக்கிறதே, பச்சை அதிலிருந்து வரும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் சுத்தமான அசிட்டோன் அந்தப் பிசுபிசுப்பைக் கரைத்துவிடும். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. உலோகத்தில் குழி விழுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

உறை பிவிசியா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வந்து மிதக்கும், இரண்டும் பாதுகாப்பானவை. பிவிசி மூழ்கும். நல்ல பாலியெஸ்டர் உறையும் மூழ்கும் என்பதுதான் சிக்கல். ஆனால் பாலியெஸ்டர் மொடமொடவென்று இருக்கும், வாசனை இராது. பிவிசி உறையைத் திறந்தாலே புது மழைக்கோட்டின் நெடி அடிக்கும். பாலிமர் ரூபாய்த் தாள்களை வெளியிடும் நாடுகள் பல. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீனேதான், அதனால் அவற்றால் காசுக்கு ஆபத்தில்லை.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். காற்றில் மிக மிகக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் வெள்ளி அதைப் பிடித்துக் கறுப்பு சில்வர் சல்ஃபைடாக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் கந்தகம் எங்கிருந்து வருகிறது? கடிதக் கட்டைச் சுற்றிய ரப்பர் பேண்டிலிருந்து. ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகம் சேர்த்துத்தான். கம்பளித் துணியிலிருந்து. குழந்தையின் முதல் முடியிலிருந்தும்கூட, ஏனென்றால் முடி முழுக்கக் கெராட்டின் என்ற புரதம், கெராட்டினில் கந்தகம் உண்டு. முடியையும் வெள்ளிக் காசையும் ஒரே உறையில் போட யாருக்கும் ஆசை வரும். இரண்டையும் வையுங்கள், ஆனால் முடியைத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில்.

மரப்பெட்டி அழகுதான். ஆனால் மரம், முக்கியமாக ஓக், அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈயம் அந்த ஆவியில் வெள்ளையாகப் பூத்து உதிரும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் அது விடாது: சுண்ணத்தோடு அமிலம் சேர்ந்து, மேலெல்லாம் உப்புப் பூக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைன் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதைப் பாக்டீரியாவின் வேலை என்று நினைத்தார். நோய் இல்லை என்று தெளிவான பிறகும் 'பைன் நோய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

காகிதத்தில் செய்தித்தாள்தான் மோசம். மலிவான மரக்கூழில், மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள் அப்படியே கிடக்கும். அது மஞ்சளாகும், காகிதத்தின் அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டும், ஆவி வேறு பக்கத்துக் காசுக்குப் போகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாநில அரசு மாளிகையில் 1795-இல் வைத்து, 1855-இல் பித்தளைப் பெட்டிக்கு மாற்றிய பெட்டகத்தை 2015 ஜனவரியில் திறந்தபோது நாணயங்களோடு செய்தித்தாள்களும் பிரித்துப் படிக்கும் நிலையில் இருந்தன. அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியில் செய்தது என்பது அதற்கு ஒரு காரணம். இன்றைய செய்தித்தாளை வைக்க ஆசைப்பட்டால், கால்சியம் கார்பனேட் கலந்த அமிலமில்லாத் தாளில் நகல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். கடிதத்தை நல்ல தாளில் பென்சிலால் எழுதலாம், கிராஃபைட் மங்காது.

இனி தண்ணீர். பத்து லிட்டர் பெட்டி ஒன்றை 30 டிகிரி வெப்பத்தில், 70 சதவீத ஈரப்பதத்தில் மூடுகிறோம் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் நீராவி சுமார் 0.21 கிராம். இரவில் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றால் 0.17 கிராம்தான் தாங்க முடியும். மீதி ஏறக்குறைய ஒரு சொட்டு. அது குளிர்ந்த உலோகத்தின் மேல், அதாவது காசின் மேல், படியும். அதே நேரம் உள்ளே காற்றழுத்தம் 3 சதவீதம் போலக் குறையும். மூடியில் சிறு இடுக்கு இருந்தால் வெளி ஈரத்தை அது உறிஞ்சும். தினமும் இது நடந்தால்? மண்ணில் புதைத்த பெட்டிகளுக்குள் தண்ணீர் சேர இப்படியும் ஒரு வழி உண்டு.

பெட்டியில் காகிதம் நிறைய இருந்தால் கணக்கே வேறு. ஒரு கிலோ காகிதம் சாதாரணமாகவே 50 முதல் 80 கிராம் வரை தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். காற்றிலுள்ள 0.2 கிராம் அதன்முன் ஒன்றுமே இல்லை. உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்பதைக் காகிதம்தான் முடிவுசெய்யும். மழைக்காலத்தில் நமுத்த கடிதங்களை வைத்து மூடினால் அந்த மழைக்காலம் பெட்டிக்குள் வருடக்கணக்கில் நீடிக்கும். ஷூ பெட்டியில் வரும் ஒரு கிராம், இரண்டு கிராம் சிலிகா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகளின் பொட்டலத்தைப் போட்டு நிம்மதியடைவதில் பொருளில்லை. கிலோ காகிதத்துக்கு நூறு, இருநூறு கிராமாவது வேண்டும். காகிதங்களையும் ஜெல்லையும் ஒரு டப்பாவில் இரண்டு மூன்று வாரம் மூடிவைத்து, ஈரத்தை முதலிலேயே இழுத்துவிடுவது நல்ல முறை. அப்புறம் உலர்த்திய புது ஜெல்லோடு பெட்டகத்துக்கு மாற்றலாம். ஈரப்பதம் 35, 40 சதவீதத்தில் நின்றால் போதும். அதற்கும் மிகக் கீழே போனால் போட்டோவின் ஜெலட்டின் படலம் சுருண்டு வெடிக்கலாம்.

எந்தப் பொருளை நம்பலாம் என்று தெரியாதபோது, அருங்காட்சியகங்கள் செய்வதையே சின்ன அளவில் செய்து பார்க்கலாம். 1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஓடி ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். சந்தேகத்துக்குரிய பொருளின் ஒரு துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை வைத்து, கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மூடி, 60 டிகிரியில் 28 நாள் விடுவார்கள். தகடு நிறம் மாறினால் அந்தப் பொருளுக்கு அலமாரியில் இடமில்லை. வீட்டில் ஜாம் பாட்டில், நன்றாகத் தேய்த்த செம்புக் கம்பி, பழைய வெள்ளித் துண்டு, நனைத்த பஞ்சு போதும். எதுவும் வைக்காமல் கம்பியும் பஞ்சும் மட்டும் உள்ள இன்னொரு பாட்டிலும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு மாதம் வெதுவெதுப்பான இடத்தில் விட்டால், அழகான துணிப்பையா, பளபளப்பான அட்டையா, எது நாணயத்தைக் கெடுக்கும் என்று கம்பியே காட்டிக்கொடுக்கும்.

பென்டிரைவில் தகவல் நிற்பது சிறைப்பட்ட மின்னூட்டத்தால்; அது வருடங்களில் கசிந்துவிடும். படங்களை அச்சிட்டு வைப்பதே நல்லது. பேட்டரியுள்ள கைக்கடிகாரம், பொம்மை எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றுங்கள். கடை ரசீது ஒன்றை வைத்தால் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் வெப்பத்தாள் ரசீதின் எழுத்து வெளுத்துப்போகும், அதற்கும் நகல்தான்.

பெட்டிக்கு, ரப்பருக்குப் பதில் சிலிகோன் வளையம் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டப்பாவோ தடித்த கண்ணாடி ஜாடியோ சரி. மண்ணில் புதைக்காமல் வீட்டின் உட்சுவர் அலமாரியில், தரைக்கு மேலே வைத்தால் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. மூடியின் மேல் திறக்க வேண்டிய ஆண்டும், உள்ளே முதல் தாளில் எந்தக் காசு எந்த உலோகம் என்ற பட்டியலும் இருக்கட்டும். அதே தாளில் இன்னொரு வரி: வெள்ளி கறுத்திருந்தாலும் செம்பு பழுப்பேறியிருந்தாலும் தேய்க்க வேண்டாம், பச்சைப் பொடி தெரிகிற காசை மட்டும் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து உலர்ந்த டப்பாவில் போடவும்.