தயிர் உறையாத வீடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தயிர் விற்கும் ஓர் அம்மா, மாட்டு வைத்தியரான எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். "ரெண்டு நாளாத் தயிர் உறையுதில்ல டொக்டர். உறைமோரையும் மாத்திப் பாத்தன், மறுகாவும் அப்படித்தான்." சட்டியைச் சாய்த்துக் காட்டினார். பால் பாலாகவே ஆடியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சாம்.

பட்டிக்குப் போய்ப் பார்த்தேன். கறக்கிற நாலு மாட்டில் ஒன்றுக்குக் காம்பொன்று வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது. மடிநோய். மகன், பக்டீரியாவைக் கொல்லும் அன்டிபயோட்டிக் மருந்தான பென்சிலினை வாங்கி, முந்தாநாளும் நேற்றும் தானே ஊசி போட்டிருக்கிறார். வீக்கம் வற்றத் தொடங்கியதும் விட்டுவிட்டார். அந்தப் பாலும் மற்றப் பாலோடு கலந்து சட்டிக்குப் போயிருக்கிறது.

பாலைத் தயிராக்குவதும் பக்டீரியாதான். பென்சிலினுக்கு நல்லது கெட்டது தெரியாது. உறைமோரில் இருந்ததையும் கொன்றுவிட்டது. காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுதாகப் போகாது. ஊசிக்குப் பின் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்துப் போத்தலிலேயே இருக்கும். அந்தச் சிறிய எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

தயிர் கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குப் பயம், தெரியாத மற்றதில். அரைகுறையாகப் போட்ட மருந்தில் நோஞ்சான் கிருமிகள் சாகும், மருந்துக்கு மசியாதவை மிஞ்சும். வசதி கிடைத்தால், குடலில் வாழும் ஈ.கோலி என்ற பக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அதோடு, தப்பிக்கும் வித்தையை வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றும். கொலிஸ்டின் என்பது ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருக்கும் மருந்து. சீனாவில் அதைப் பன்றித் தீவனத்தில் கலந்தார்கள். அதை எதிர்க்கும், கைமாறக்கூடிய மரபணு அங்கே பன்றிகளிலும் நோயாளிகளிலும் இருப்பது 2015இல் வெளியானது. மருந்துக்கு மசியாத பக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பட்டிக்குள் போட்ட மருந்து பட்டிக்குள் நிற்பதில்லை. ஒரு பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே வரும். சாணம் தோட்டத்துக்குப் போகும். மாரி வந்தால் பட்டி, வயல், வாவி எல்லாம் ஒரே தண்ணீர்தானே.

இன்னொரு வீட்டில், பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசையை உடைத்துக் கோழித் தண்ணீரில் கலந்திருந்தார்கள். கோழிக்கு வந்தது ராணிக்கெட், அது வைரஸ். அன்டிபயோட்டிக் அதை ஒன்றும் செய்யாது. முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி.

அந்த மகனில் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்ட உடனே வர எங்களாலும் முடிவதில்லை. பால் போனால் அன்றைய வருமானம் போச்சு. ஆனாலும் சொன்னேன்: மீதி நாளுக்கும் ஊசி போட வேண்டும், அந்த மாட்டுப் பாலைக் கலக்கக் கூடாது. "கண்டுக்குக் குடுக்கலாமே?" என்றார் அம்மா. எல்லாரும் கேட்கிற கேள்வி. கூடாது, கன்றின் குடலிலும் அதே கதைதான். கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டி ஊற்றச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அந்த வழியால் போனபோது ஒரு சட்டித் தயிர் தந்தார், கத்தியால் வெட்டலாம் போல இறுகியிருந்தது. மிஞ்சிய மருந்துப் போத்தல் எங்கே என்று கேட்டேன். பக்கத்துப் பட்டியில் ஒரு மாட்டுக்குக் காய்ச்சலாம், நேற்றுத்தான் வாங்கிக்கொண்டு போனார்களாம்.