ட்ரக்கிங்: நாடாவில் கங்காணிக்கு என்ன வேலை?

திருகோணமலையில் மாணவர் சிலர் எடுத்த குறும்படம் ஒன்று பார்த்தேன். கதை தொண்ணூறுகளில் நடக்கிறது. அதனால் படம் முழுக்கப் பழைய வீடியோ கசெட்டின் சாயல். கோட்டை வாசலில் மான்கள் மேய்கிற காட்சியில் நிறம் ஓரங்களில் வழிவதெல்லாம் அச்சு அசல். கையில் தந்த தாளில்தான் கண் குத்தியது: 'கண்காணிப்புக் கோடுகள் சேர்க்கப்பட்டன.' பக்கத்தில் இருந்தவர், "பொலிஸ் கமெராவில எடுத்ததோ?" என்றார். 'ட்ரக்கிங்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார்கள். இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பார்ப்பது முதல் தடவையுமல்ல.

'ட்ராக்' என்றால் தடம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, அது போதும். 1976இல் ஜே.வி.சி. வெளியிட்ட வி.எச்.எஸ். கசெட் முறையில், 12.7 மில்லிமீற்றர் அகல நாடாவில் படம் சாய்வான தடங்களாகப் பதிகிறது. எங்கள் ஊர் ரீவிக்கான பால் (PAL) முறையில், கசெட் போடும் டெக்குக்குள் இருக்கிற உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும். அதிலுள்ள, படத்தைப் படிக்கிற தலை அந்தத் தடத்தின் மேலேயே ஓட வேண்டும். விலகினால் திரையில் வெள்ளைப் பட்டை. ஒரு டெக்கில் பதிந்ததை இன்னொரு டெக்கில் போட்டால் வருகிற வில்லங்கம் இது. வாடகைக்கு டெக் எடுத்த இரவுகளில், ட்ரக்கிங் குமிழுக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா இருந்தார். வேறு யாரும் தொடக்கூடாது.

கண்காணிப்பு என்பது ஒருவர்மேல் கண் வைத்திருப்பது. தோட்டத்துக் கங்காணி இதே வேரில் பிறந்தவர். நாடாவில் யார் யாரை மேய்க்கிறார்? 'தடமறிதல்' என்பாரும் உண்டு. அதில் தடமாவது இருக்கிறது, அறிதல்தான் ஒட்டவில்லை. குளம்படி பார்த்து மான் போன வழியைத் தேடினால் அது தடமறிதல். தலை எதையும் தேடுவதில்லை. தடம் எங்கே என்பதை நாடாவின் கீழோரத்தில் பதிந்த துடிப்புகள் முன்கூட்டியே சொல்லிவிடும். குமிழ் அந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்பின் தள்ளும், அவ்வளவே. ஆகவே தடப்பொருத்தம். பிழைத்தால் தடப்பிசகு. 'ரயில் தடம் புரண்டது' என்று செய்தி வாசிக்கிற ஊருக்கு இதற்கு உரை வேண்டாம். ட்ரக்கிங் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. டெக் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். பிழையான தமிழுக்கு விளங்குகிற இரவல் சொல் எவ்வளவோ மேல்.

குற்றம் பிள்ளைகளுடையதுமல்ல. செயலிகளைத் தமிழாக்குகிறவர்கள் அகராதியில் முதலில் கண்ட பொருளைத் தூக்கி எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். 'உங்கள் பொதியைக் கண்காணியுங்கள்' என்கிறார்கள், பொதி மதில் ஏறிக் குதித்துவிடும் என்பதுபோல.

சொல் பிசகியதில் காட்சியும் பிசகியிருந்தது. தடப்பிசகுப் பட்டை மெல்ல ஏறும், இறங்கும், குமிழைத் திருப்ப அடங்கும். இவர்களுடையதோ முதல் நொடியிலிருந்து கடைசிவரை காவல்காரன்போல நடுத்திரையில் அசையாமல் நின்றது. படத்தின் அடியில் தெரிகிற கிழிசல் இன்னொரு சங்கதி. ஒரு தலை விட்டு மறு தலை படிக்கத் தொடங்கும் இடம் அது. பழைய ரீவி அதை விளிம்புக்குள் ஒளித்துவிடும், கணினியில் ஏற்றினால்தான் வெளிப்படும். தாளில் அதற்கும் பெயர் 'கண்காணிப்பு'தான்.