தேடிய இடத்தையே மறுபடி தேடுவது ஏன்?

"ஒருவரைக் காணோம் என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம், காத்திருக்கவே கூடாது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் ஒரு மணி நேரத்தில் எந்தத் திசையிலும் போயிருக்கலாம். அப்போது தேட வேண்டிய பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரமானால் அது 450-ஐத் தாண்டிவிடும். ஆரம் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு, பள்ளியில் படித்ததுதான்.

புகார் வந்ததும் அங்க அடையாளம், உடுத்தியிருந்த உடை, உடல்நிலை, கடைசியாகப் பார்த்தவர் யார், செல்போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது, கேமரா பதிவுகள் என்று விசாரணை போகும். இதெல்லாம் தெரிந்த கதை. காட்டிலோ மலையிலோ ஆளைத் தேட இறங்கும்போது வரும் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது.

காணாமல்போன குழந்தை ஓடைக்கரையில் இருக்க 50 சதவீதம், காட்டில் 30, மலைப்பாதையில் 20 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓடைக்கரையைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அதற்காக அங்கே வாய்ப்பு பூஜ்யமாகிவிடாது. பயந்துபோன குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் புதருக்குள் ஒளிந்துகொள்ளும், அசந்து தூங்கியும் போகும். அங்கே இருந்தால் கண்ணில் பட 80 சதவீத வாய்ப்பு என்றால், தப்பிப்போக 20 சதவீதம். ஆக ஓடைக்கரைக்கு மிஞ்சுவது 50-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10. மற்ற இரண்டும் 30, 20. மொத்தம் 60. இதையே நூற்றுக்கு மாற்றினால் காடு 50, மலைப்பாதை 33, ஓடைக்கரை 17. ஆள் கிடைக்காத தேடலும் தகவல் தந்துவிட்டது! குறி கேட்கப் போய் அரை நாளை இழக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. எந்த இடத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தோம் என்று அந்த நேரத்தில் குறித்து வைத்திருந்தால், அடுத்த குழுவை எங்கே அனுப்புவது என்று அதுவே சொல்லியிருக்கும்.

2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்துக்கும் இதே கணிதம்தான் உதவியது. விமானத்தின் பதிவுக் கருவியான கருப்புப் பெட்டி தண்ணீருக்கடியில் எழுப்ப வேண்டிய ஒலி கேட்காததால் சில பகுதிகளை முதலில் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒலியை எழுப்பும் கருவிகளே பழுதாகியிருந்தால் என்ற சாத்தியத்தையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது, ஒதுக்கிய பகுதிகளின் வாய்ப்பு எகிறியது. 2011-இல் அங்கே தேடப் போனவர்கள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் விமானத்தின் பாகங்களைக் கண்டுபிடித்தார்கள்.